ஞாயிற்றுக்கிழமை ரத்தான உத்தரவு

எண்பதுகளின் நடுவில் நானும் அக்காவும் ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில் ஒன்றாக இருந்தோம். எனக்கு எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. வீடும் அதை ஒட்டிய காப்பித் தோட்டமும் அப்பா அக்காவுக்கு எழுதிக் கொடுத்தவை. அக்காவின் புருஷன், அதாவது மாமா, குடித்துவிட்டு வந்து இரண்டு முறை கதவை உடைத்ததும், அவர் அங்கே காலெடுத்து வைக்கக் கூடாது என்று அக்கா சேலம் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கிவிட்டாள்.

அந்த வருடம் காப்பி நன்றாகக் காய்த்திருந்தது. முற்றம் முழுக்கக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னாலேயே சலவைச் சட்டையில் மாமா.

"ஏனுங்கம்மா, தடையுத்தரவு ரத்தாயிருச்சாமா? அப்பறமும் நீங்க இவர உள்ள உட மாட்டேங்கறீங்களாமா?"

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் மாமாவை நேராகப் பார்த்துக் கேட்டாள். "எப்பங்க ரத்தாச்சு?"

"போன ஞாயித்துக்கெழமதான்" என்றார் மாமா, கொஞ்சமும் யோசிக்காமல்.

"ஞாயித்துக்கெழம சர்ச்சுதானுங்க தொறந்திருக்கும்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சப்-இன்ஸ்பெக்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாமாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், கோர்ட்டுக்குப் போன் போட்டு விசாரித்தார். உத்தரவு அப்படியே இருந்தது.

"போலீசுக்கிட்ட பொய் சொல்லி, என்னையே கூட்டிக்கிட்டுப் போயிருக்கறீங்க. இதுக்கு ஆறு மாசம் வரைக்கும் உள்ள போடலாம், தெரியுமுங்களா?" என்றாராம். சொன்னபடியே மாஜிஸ்திரேட்டிடம் புகாரும் கொடுத்தார்.

கேஸ் விசாரணைக்கு வந்த அன்றைக்கு நானும் அக்காவும் சேலம் கோர்ட்டுக்குப் போனோம். மாமா குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம், கூடவே கோர்ட் கலையும்வரை காவல். மூலை பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வீடு திரும்ப ஏற்காடு பஸ்ஸில் ஏறினால், படிக்கட்டில் மாமாவே நிற்கிறார். உள்ளே வருவதா, இறங்குவதா என்ற தயக்கம். கண்டக்டர் விசில் ஊத ஆரம்பித்துவிட்டார்.

"பஸ்ஸுக்குத் தடை இல்லீங்க. வந்து உக்காருங்க" என்றாள் அக்கா.

முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். வளைவுக்கு வளைவு சாய்ந்தபடி மூன்று பேரும் மலையேறினோம். ஏற்காட்டில் இறங்கியதும் அவர் எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்போடு கடைவீதிப் பக்கம் நடந்தார். அதன்பிறகு கொட்டச்சேட்டுக்கு அவர் வரவே இல்லை. காப்பி விற்ற கையோடு அக்கா முதல் வேலையாகப் புதுக் கதவு போட்டாள்.