தண்டோரா போகாத தெரு

இல்லை, கோட்டை பார்க்க அல்ல. செஞ்சி பஸ்ஸில் ஏறியதால் கண்டக்டரும் அப்படித்தான் நினைத்தார். எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. முந்தைய வருஷப் புயலுக்குப் பிறகு, விழுப்புரத்தில் கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஏரியோரக் கிராமங்களுக்கு வெள்ள முன்னேற்பாட்டுத் திட்டம் தயாரித்திருந்தோம். ஓர் ஊருக்கான இருபது பிரதிகள் என் பையில்.

காலை 6.10க்கு விழுப்புரம். 7.25க்குத் திண்டிவனம். முப்பத்தெட்டு கிலோமீட்டர், மூன்றரை ரூபாய். அங்கிருந்து செஞ்சி பஸ்ஸில், வல்லம் வழியில் பன்னிரண்டு கிலோமீட்டர். பிறகு ஏரிக்கரை மேல் இரண்டு கிலோமீட்டர் நடை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சேறு.

தண்டோரா போடும் ஏழுமலையைக் காலனியில் பார்த்தேன். புயல் எச்சரிக்கை வந்தால் அவர் சொல்லவேண்டிய தெருக்களைப் படித்துக் காட்டினேன். ஐந்து.

"எங்க தெரு வரலியேம்மா."

வரவில்லை. ஏரி உடைந்தால் முதலில் தண்ணீர் புகுவது அங்கேதான்.

அவர் மனைவி அஞ்சலை மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போன வருஷம் இவரு ஊருக்கெல்லாம் வெள்ளம் வருதுன்னு சொல்லிக்கினு இருந்தாரு. நானு புள்ளய தோள்ல வச்சிக்கினு கழுத்து மட்டும் தண்ணில நின்னேன். இப்ப ரெண்டு புள்ளைங்க. எந்தத் தோள்ல எதுன்னு அதுலியே எழுதிடும்மா."

எங்களுக்குத் தெருப் பட்டியல் தந்த ஊர் அலுவலரிடம் போனேன்.

"அவன் அங்கதானம்மா இருக்கான். அவன் வூட்டுக்கு அவனே சொல்லிக்க மாட்டானா? அதுக்கு ஒரு லைனா?"

"அந்த நேரத்தில் அவர் உங்கள் தெருவில் இருப்பார்," என்றேன்.

சிரித்தார். "காலேஜ் புள்ள. இதுக்குப் போயி பேஜாராவுறியே."

இருபது பிரதிகளையும் அவர் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. அந்தப் பிரதிகளுக்கு ஸ்டென்சில் டைப் அடித்தவள் நான். ஐந்து தெரு என்று அடித்தேன். ஆறாவது உண்டா என்று விரல் நிற்கவில்லை. அவர் மேல் வந்த கோபத்தில் பாதி எனக்குரியது. பாதிதான்.

இப்படித் திட்டத்தோடு போகிறவர்களுக்கு: எச்சரிக்கை சொல்பவரின் வீடு எங்கே என்று முதலில் கேளுங்கள். அந்த வீட்டுக்கு யார் சொல்வார்கள் என்றும் கேளுங்கள். பதில் வராமல் அடுத்த ஊருக்குப் போகாதீர்கள்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து இருபது பிரதிகளிலும் முதல் தெருவுக்கு மேலே 'காலனி' என்று பேனாவால் எழுதினேன். அலுவலர் வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொன்றிலும் கையெழுத்து வாங்கும்வரை அங்கேயே நின்றேன்.