கீழ்க் கொடியில் ஏழு துணிகள்

பாக்கியரத்தினத்துக்கு நாலாவது பிள்ளை பிறந்து பதினொரு நாள். இரத்தம் இன்னும் நிற்கவில்லை. ஆறாம் நாள் வெளிறி வந்தது, ஒன்பதாம் நாள் மறுபடி சிவந்துவிட்டது. லிங்கநகர் வீட்டுக்கு வந்த, பிள்ளைப்பேறு பார்க்கும் மிட்வைப் மிஸி வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, "கிணத்தடிக்குப் போனனீயோ?" என்று கேட்டாள். பாக்கியம் கூரையைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா இப்பிடிப் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் முடிஞ்சிடுவாய். ரெண்டு கிழமை படு. பாரம் தூக்காதே."

படுக்கலாம்தான். ஆனால் ஓர்ஸ் ஹில் மலையில் தவராசா கிளாக்கரின் மனைவி அன்னலட்சுமிக்கும் பிள்ளை பிறந்து ஆறு நாள்.

பாக்கியமும் புருஷன் கனகரத்தினமும் அந்த மலையில் பத்து வீடுகளுக்குத் துணி வெளுக்கும் கட்டாடிகள். வெள்ளைக்கார நேவி துறைமுகத்தை விட்டுப் போய் நாலு வருசம். கப்பல்காரரின் விரிப்புகளை வெளுத்த வருமானமும் அதோடு போயிற்று. மிஞ்சியது இந்தப் பத்து வீடுகள். வேட்டி, சேலை, விரிப்பு எல்லாம் கனகரத்தினம் துவைப்பான். தீட்டுப் பட்ட துடக்குத் துணியில் மட்டும் ஆணின் கை படக்கூடாது. பிள்ளை பெற்றவள் கட்டிக் கழற்றுவதை முப்பத்தோராம் நாள் வரை கட்டாடிப் பெண்தான் எடுத்துப் போய் வெளுத்து, மாற்றுக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் தாங்களே துவைத்தால் அவர்களுக்கு மரியாதை இல்லை. பாக்கியம் பிள்ளை பெற்றுக் கிடந்தபோதெல்லாம், மாமியார் இருந்தவரை அவள் பார்த்தாள். பாக்கியத்தின் மூத்த மூன்றும் ஆண்; அனுப்ப முடியாது. கட்டாடிப் பெண்ணே பிள்ளை பெற்றுக் கிடந்தால் என்ன செய்வது என்று எந்த வழக்கமும் சொல்லி வைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அவள் மலைக்குப் போனதும் அதனால்தான். அன்னலட்சுமியின் தாயாரிடம் தானும் துடக்குக்காரி என்று ஒருமுறை தயங்கிச் சொல்லிப் பார்த்தாள்.

"துடக்குக்காரி துடக்குத் துணியைத் தொட்டால் என்ன? கூடவா ஒட்டப் போகுது?" என்றாள் தாயார்.

கொண்டுவந்து துவைத்தாள். மாரி பெய்தபடியால் பின்பக்கத் தாழ்வாரப் பத்திக்குள் இரண்டு கொடி கட்டி, வெளியே தெரியாமல் ஒரு பழஞ்சேலையால் மறைத்து, உள்ளே காயப்போட்டாள். மேல் கொடியில் அன்னலட்சுமியின் வெள்ளை வேட்டித் துண்டுகள். கீழ்க் கொடியில் பாக்கியத்தின் ஏழு. கனகரத்தினம் இடுப்பில் கட்டிப் பழசான சாரங்களை நாலாக மடித்து ஓரம் தைத்தவை. புதுத் துணி இரத்தத்தை உறிஞ்சாது; வருசக்கணக்காக அடி வாங்கிய சாரந்தான் குடிக்கும். ஈர மாரியில் ஏழும் காய இரண்டு நாள் எடுத்தது. கட்டியிருந்த கடைசி ஒன்றோடு காத்துக் கிடந்தாள்.

பதினோராம் நாள் காலையில் மலையிலிருந்து ஆள் வந்தது. உடனே மாற்று வேணுமாம். பாக்கியத்துக்கு எழும்ப ஏலவில்லை.

"இஞ்சாருங்கோ, மேல் கொடியில கிடக்கிறதை மட்டும் கட்டிக் கொண்டுபோய்க் குடுங்கோ."

வெளுத்த துணிதானே என்று அவன் போனான். திரும்பி வந்து கால் கழுவுகிற சத்தம் கேட்டபோது அவள் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்திக்குப் போயிருந்தாள். இரண்டு கொடியும் வெறுமையாக இருந்தன.

"கீழ்க் கொடியில இருந்தது எங்க?"

"எந்தக் கீழ்க் கொடி?"

"பார்த்து எடுக்கேல்லையோ?"

"என்னெண்டு பாக்கிறது? முகத்தைத் திருப்பிக் கொண்டு வழிச்சு எடுத்தனான்."

"இருவது வருசமா ஊர்த் துணியைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கிற மனிசனுக்குப் பெண்சாதிட துணி தெரியேல்லை. போய்க் கேட்டு வாங்கிக் கொண்டு வாங்கோ."

"ஆரிட்ட? கிளாக்கரிட்டயோ? என்னெண்டு சொல்லிக் கேக்கிறது?" அவன் வாசலிலேயே நின்றான். "எனக்கு ஒரு சொல்லும் வராது."

கட்டியிருந்தது நனைந்து கால் வழியே இறங்கத் தொடங்கியிருந்தது. வீடு முழுக்கத் துணி. மினுக்கி மடித்த சேலைகள், தலையணை உறைகள், கிளாக்கர்மாரின் வெள்ளைக் காற்சட்டைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. ஒன்றில் ஒரு பொட்டுப் பட்டாலும் அந்த வீட்டு வேலை போய்விடும். கோதுமை மா வந்த துணிப் பை ஒன்று குசினி அடுப்படியில் இருந்தது. அதைக் கிழித்து மடித்துக் கட்டினாள். மொரமொரவென்று தொடையை அறுத்தது. மழைக்குள் இறங்கினாள்.

மலை வீட்டில் அன்னலட்சுமியின் தாயார் குசினிப் படியில் நின்றாள்.

"இதென்ன கூத்து? எங்கட மாத்துக்குள்ள சாரத் துண்டு?"

"என்ர அம்மா. மாறி வந்திட்டுது. தந்தியளெண்டால்..."

"தாறதுக்கு இருந்தால் தானே. சுடுதண்ணி வைக்கிற அடுப்புக்குள்ள போட்டு எரிச்சாச்சு. பிள்ளையின்ர உடம்பில அது பட்டிருந்தால் என்ன கதை?"

வெளி அடுப்பில் சாம்பல் குவியலாகக் கிடந்தது. பாக்கியம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்து அறை யன்னலுக்குள்ளிருந்து அன்னலட்சுமியின் குரல் வந்தது.

"அம்மா, என்ரையில ரெண்டைக் குடுங்கோவன். அவள் நிக்கிற இடத்தைப் பாருங்கோ."

தாயார் பார்த்தாள். மழைத் தண்ணீர் பாக்கியத்தின் காலடியில் சிவந்து படியோரமாக ஓடியது. உள்ளே போனாள். பிறகு இரண்டு வெள்ளைத் துண்டுகள் படியில் வந்து விழுந்தன.

"குடுத்தது திரும்பி இஞ்ச வரப்படாது. வந்தனீதானே, ஊத்தைத் துணியையும் எடுத்துக் கொண்டு போ."

மூட்டை ஈரத்தில் கனத்தது. தலையில் வைத்தபோது அடிவயிற்றில் ஏதோ பிய்ந்தது போலிருந்தது. இறக்கத்தில் இரண்டிடத்தில் குந்தினாள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நனைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மூட்டையைக் கிணற்றடியில் போட்டவள் குனிய ஏலாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். கனகரத்தினம் மூட்டையைப் பார்த்தான், அவள் வந்த வழியெல்லாம் தரையில் கிடந்த சொட்டுகளைப் பார்த்தான். போய்த் தெருவாசல் படலையைச் சாத்திவிட்டு வந்தான்.

"சுடுதண்ணி வைக்கவோ?"

மூட்டையை அவனே துவைக்கப் போகிறான் என்று அவளுக்கு விளங்கியது.

"சுடுதண்ணிக்குக் கறை பிடிச்சிடும். முதல் பச்சைத் தண்ணியில ஊறப் போடுங்கோ. உப்புக் கொஞ்சம்." பிறகு, "கல்லில அடிக்காதேங்கோ. மழைக்குள்ள என்னத்தை அடிக்கிறானெண்டு அயல் எட்டிப் பாக்கும்."

கையாலேயே கசக்கினான். அன்றிலிருந்து மலையின் துடக்குத் துணியும் அவள் துணியும் துவைத்தது அவன்தான், படலையைச் சாத்திக்கொண்டு. வெளியே தெரிந்தால் பத்து வீட்டில் ஒன்றும் அவன் கையில் துணி கொடுக்காது. அதனால் எடுக்கவும் கொடுக்கவும் அவளேதான் போகவேண்டியிருந்தது. இரத்தம் இருபத்தேழாம் நாள் நின்றது. அதற்கு முதல் இன்னும் நாலு தரம் மலை ஏறினாள்.

தாயார் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். "இப்பதான் வெளுப்பில உன்ர கை தெரியுது" என்பாள்.

"ஓம் அம்மா."

ஊத்தை மூட்டையோடு அவள் இறங்கி வரும்போது மலையடியில் கனகரத்தினம் நிற்பான். மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பான். எதிரே ஆள் வருவது தெரிந்தால் நின்று, அதைத் திரும்ப அவள் தலையில் வைத்துவிடுவான்.