நாணுக்கு மெழுகு, சக்கரத்துக்கு எண்ணெய்

வில்வித்தை என்றால் குறி பார்த்து அம்பு விடுவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதில் முக்கால் பங்கு திருகாணி திருகுவது என்பது சொந்தமாக வில் வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த டேப் ரிகார்டரை வீட்டில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு பெல்ட் தேடிக் கடை கடையாய் ஏறி இறங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

எண்பதுகளின் நடுவில், அமெரிக்காவிலிருந்து வந்த அத்திம்பேர், அதாவது என் அக்காவின் கணவர், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நீளப் பெட்டியைத் திறந்தார். உள்ளே காம்பவுண்ட் வில். தாத்தா சொன்ன கதைகளில் வந்த எந்த வில்லுக்கும் அது உறவில்லை. இரண்டு முனையிலும் சக்கரம், குறுக்கே இரும்புக் கம்பி, நடுவில் அலுமினியப் பிடி. இழுக்க ஆரம்பித்தால் முரட்டு மாடு மாதிரி முரண்டு பிடிக்கும். பாதி தாண்டிச் சக்கரம் உருண்டதும் கன்றுக்குட்டி மாதிரி குழைந்துவிடும். மெட்ராஸில் அவருடைய சிநேகிதர் ஒருவர் அதை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அத்திம்பேர் ஊருக்குக் கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த மார்கழிக்கு வருவேன். அதுக்குள்ள இதைப் பழக்கி நேரா அம்பு விட்டியானா உனக்கு. பரண்ல கிடந்துதுன்னா அவனுக்கு."

அரியமங்கலத்தில் ஒரு சாவி

வில்லின் மேல்கையும் கீழ்கையும் பிடியோடு சேரும் இடத்தில் ஆளுக்கொரு போல்ட். அதைத் திருகித்தான் இழுவையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். அதற்கான ஆலன் கீ, அதாவது ஆறு பட்டைச் சாவி, மட்டும் பெட்டியில் இல்லை. பெரிய கடைவீதியில் தேடினால் எல்லாம் மில்லிமீட்டர். போல்ட்டோ அங்குலக் கணக்கு. ஐந்து போட்டால் ஆடியது, ஆறு போட்டால் நுழையவில்லை. ஆடுகிற சாவியை வைத்து முறுக்கினால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். அப்புறம் வில்லை ஆணியில் மாட்டிவிட்டு அழகு பார்க்க வேண்டியதுதான்.

பழைய போர்வையில் சுற்றி டவுன் பஸ்ஸில் ஏற்றி, அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். "ஒரு மெஷினுக்கு" என்று மென்று விழுங்கினேன். மெஷினைப் பார்க்காமல் கை வைக்க மாட்டேன் என்றார் பட்டறைக்காரர். போர்வையைப் பிரித்ததும் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. ஆறு மில்லிமீட்டர் சாவியை எமரிக் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாய்த் தேய்த்து, போல்ட்டில் வைத்து வைத்துப் பார்த்து, கச்சிதமாக உட்கார்ந்ததும் என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க தம்பி, ராமர் காட்டுக்குப் போறப்ப ஸ்பானர் செட்டும் எடுத்துக்கிட்டுத்தான் போனாராமா?"

மெழுகு

நாண் காய்ந்து பிசிறு தட்டினால் அறுந்துவிடும். மாற்று நாண் வேண்டுமென்றால் அமெரிக்காவுக்குத்தான் எழுத வேண்டும். ஆகையால் வாரா வாரம் மெழுகு தேய்க்கச் சொல்லியிருந்தது, கூட வந்த சின்னப் புத்தகம். தில்லை நகரில் நான் வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீஸில் பக்கத்து மேஜை சேவியர். பாலக்கரைக்காரன், வீடு மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. "மெழுகுதானே, எங்க தெருவுல இல்லாத மெழுகா?" என்று மறுநாளே ஒரு கட்டு மெழுகுவத்தி கொண்டுவந்தான். நாணில் நன்றாகத் தேய்த்து வைத்தேன். வழவழவென்று பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொள்ளிடக்கரை மணலில் முதல் அம்பை விட்டதும் நாணிலிருந்து வெள்ளை வெள்ளையாய்ச் செதில் கிளம்பி, பக்கத்தில் நின்ற சேவியரின் தலையிலும் சட்டையிலும் கொட்டியது. மெழுகுவத்தி மெழுகு நாணுக்குள் இறங்காது, மேலேயே உறைந்து நின்று உதிரும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் தேன் மெழுகு கிடைக்கும் என்று பிற்பாடு கண்டுபிடித்தோம். அன்றைக்கு சேவியர் தலையைத் தட்டிக்கொண்டே சொன்னது: "உன் வில்லுக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சுப்பா. அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கும் கூட்டிட்டு வந்துடு."

கிழிசல் ஜோசியம்

அம்பு நேராகப் போகிறதா, வாலை ஆட்டிக்கொண்டு போகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. ஒரு சட்டத்தில் காகிதத்தை விறைப்பாக ஒட்டி, நாலடி தள்ளி நின்று அதன் வழியே விட வேண்டும். துளை வட்டமாக விழுந்தால் க்ஷேமம். வால் பக்கம் மேலே கிழித்தால் நாணில் அம்பு பூட்டும் இடம் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்; மயிரிழை கீழே இறக்க வேண்டும். இறக்கி, திரும்ப விட்டு, திரும்பக் கிழிசலைப் பார்த்து... ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட ஒரு கட்டத்தை அத்தனை நேரம் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கொல்லையில் பின்சுவரோரம் வைக்கோல் கட்டு, அதற்கு முன்னால் சட்டம். காகிதத்துக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் வந்த பேப்பர்தான். அதுவும் முந்தின நாள் பேப்பர் என்று நினைத்து அன்றைய பேப்பரை ஒட்டிவிட்டேன். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கொல்லைக்கே நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, சட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து மிச்சம் மீதியைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மந்திரியை என்ன கேட்டான்னு இருக்கு, அவர் என்ன பதில் சொன்னார்ங்கறதுலதான் ஓட்டை. நாளைலேர்ந்து கொஞ்சம் சினிமா விளம்பரத்துப் பக்கமா விடுடா."

ஆயுத பூஜை

பூஜையன்று அம்மா என்னைக் கேட்காமலே வில்லையும் எடுத்து மணையில் வைத்துவிட்டாள். அரிவாள்மணைக்கு ஒரு பொட்டு, சைக்கிளுக்கு ஒரு பொட்டு. அமெரிக்காக்காரனுக்கு மட்டும் விசேஷ கவனிப்பு: இரண்டு சக்கரத்துக்கும் சந்தனத்தை வாரிப் பூசி, மேலே குங்குமம். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது, ஆகையால் நானும் தொடவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தால் சந்தனம் அச்சுக்குள் இறங்கிக் காய்ந்து கல்லாகியிருந்தது. மேல் சக்கரம் உருளும்போது கீழ்ச் சக்கரம் நின்று யோசித்தது. இரண்டும் ஒன்றாக உருளாவிட்டால் அம்பு எங்கே போகும் என்று ரங்கநாதருக்குத்தான் வெளிச்சம்.

பழைய பல் பிரஷ்ஷும் தையல் மெஷின் எண்ணெயுமாக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சுரண்டினேன். கூடமெல்லாம் சந்தன வாசனை. இப்போதும் எங்காவது சந்தனமும் மெஷின் எண்ணெயும் கலந்து மணந்தால் எனக்கு அந்தக் கூடம்தான் ஞாபகம் வரும். நான் முணுமுணுத்தது அம்மா காதில் விழுந்துவிட்டது. அடுக்களையிலிருந்தே பதில் வந்தது: "எல்லாத்துக்கும்தான் வெச்சேன். அருவாமணை ஏதாவது சொல்லித்தா?"

மெட்ராஸ்காரர்

மார்கழியில் அத்திம்பேர் வந்தார். காரில் அந்தச் சிநேகிதரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நெட்டை மனிதர். எல்லாருமாகக் கொள்ளிடக்கரைக்குப் போனோம், சேவியர் உட்பட. நான் மூன்று அம்பு விட்டேன். மூன்றும் வைக்கோல் கட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் நின்றன. அத்திம்பேர் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "பேஷ்... ஆனா இவனும் இவ்வளவு தூரம் வந்துட்டானேடா" என்று இழுத்தார்.

அதற்குள் சிநேகிதர் வில்லை வாங்கி, அம்பு பூட்டாமலே நாணை இழுத்துப் பிடித்தார். அம்பில்லாமல் நாணை விட்டால் அத்தனை வேகமும் வில்லுக்கே திரும்பும். வில்லின் கை பிளந்து போகும். "விட்டுடாதீங்கோ சார்! பிடிச்சுண்டே மெதுவாக் கொண்டு வாங்கோ!" என்று கத்தினேன். அவர் அப்படியே மெதுவாக இறக்கினார். "இவனுக்குக் குரல்னு ஒண்ணு இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியறது" என்றார் அத்திம்பேர்.

"இழுக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சே, என் கைக்குப் பத்தலையே?" என்றார் சிநேகிதர். என் குட்டைக் கைக்குத் தகுந்தபடி இழுக்கும் நீளத்தைக் குறுக்கி வைத்திருந்தேன். பேசாமல் இரு என்று சேவியர் கண்ணைக் காட்டினான். ஆமாம் சார், பத்தாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. எனக்கு வரவில்லை. "பத்தும் சார், நீட்டிக்கலாம்" என்று மணலில் துண்டை விரித்தேன். சாவி, மெழுகு, பிரஷ், எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். இரண்டு போல்ட்டையும் ஒரே அளவு தளர்த்த வேண்டும். நாணைச் சக்கரத்தில் அடுத்த பள்ளத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் அம்பு பூட்டும் இடம் மாறும், ஆகையால் மறுபடி காகிதம். வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைக்கக் கூடாது. பிசிறு தட்டுகிறதா என்று வாரா வாரம் பார்க்க வேண்டும். சொல்லிக்கொண்டே போனேன். வில்லைக் கொடுக்கிறோம் என்ற துக்கத்தில், ஒன்றையும் விட்டுவிடக் கூடாதே என்று இன்னும் விவரமாகச் சொன்னேன்.

குந்தி உட்கார்ந்து கேட்டவர், சாவியை நான் போல்ட்டில் வைக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து பேண்ட்டிலிருந்த மணலைத் தட்டினார். "தம்பி, இதை எடுத்துண்டு போனா உன்னையும் சேர்த்துன்னா எடுத்துண்டு போகணும்! நீயே வெச்சுக்கோப்பா. எனக்கு ஒரு கேரம் போர்டு போதும்."

பழுது பார்க்கக் கற்றுக்கொண்டவனிடம் பொருள் தங்கும். அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள்தான் தங்காது.