டிக்கெட் இல்லாத செக்கர்

என் அப்பா முப்பத்தொரு வருடம் பேருந்தில் டிக்கெட் செக்கராக இருந்தவர். கண்டக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் வேப்பங்காய். அம்மாவின் தம்பி, என் மாமா மட்டும் அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார். அப்பா காதில் விழாத மாதிரி செய்தித்தாளைப் புரட்டுவார். ஓய்வு பெற்றபோது ஆயுளுக்கும் இலவச பாஸ் கொடுத்தார்கள். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, இன்றும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கித்தான் பேருந்தில் போகிறார். அம்மாவுக்கு அது இன்னும் பொறுக்கவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது நானே அவர் கையில் மாட்டியிருக்கிறேன். அரட்டை மும்முரத்தில் டிக்கெட் வாங்க மறந்துவிட்டேன். நடுவழியில் ஏறிய அப்பா எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வந்து என்னிடமும் கை நீட்டினார். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "சார், நம்ம பாப்பாதானே" என்று கண்டக்டர் இழுத்தார். அபராதச் சீட்டில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் அப்பா தன் பெயரைத் தானே எழுதினார். இந்தக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். உள்ளுக்குள் அந்தக் கோபம் மட்டும் ஆறவே இல்லை.

போன மாதம் அப்பா நான் வேலை பார்க்கும் நாட்டுக்கு வந்தார். முழங்கால் வலி என்று அம்மா வரவில்லை. இங்கே ரயிலுக்கு டிக்கெட் கிடையாது, ஓர் அட்டைதான். நடைமேடையில் நிற்கும் கருவியில் அதைத் தொட்டுவிட்டு ஏற வேண்டும். இதை நான் அப்பாவுக்குச் சொல்லித் தரவே இல்லை. சொல்லித் தந்தால் நின்று நிதானமாகக் கேள்வி கேட்பார், பின்னால் வரிசை சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் அவர் கையிலிருந்து வாங்கி நானே தொட்டுவிட்டு, "பத்திரமா பையில வச்சுக்கோங்கப்பா, சும்மா சும்மா வெளிய எடுக்காதீங்க" என்று திருப்பிக் கொடுப்பேன். அவரும் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்து, மேலே ஊக்கு குத்திக்கொள்வார். செக்கர் கேட்கும்போது காட்டுவதுதானே டிக்கெட் என்பது அவர் நினைப்பு.

அன்று ஏரி பார்க்க இருவரும் பக்கத்து ஊருக்குக் கிளம்பினோம். ரயில் வந்து நிற்கும் நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து போன். பேசிக்கொண்டே என் அட்டையை மட்டும் தொட்டுவிட்டு ஏறினேன். அப்பா என் பின்னாலேயே ஏறினார். மூன்று வரிசை தள்ளி எங்கள் மேலாளர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அப்பாவைக் காட்டிக் கையசைத்தேன்.

நாலாவது நிறுத்தத்தில் செக்கர் ஏறினாள். என் வயதுதான் இருக்கும். அவளைப் பார்த்ததும் அப்பா சொந்தக்காரரைக் கண்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊக்கைக் கழற்றி, அட்டையை இரண்டு கையாலும் நீட்டி, நானும் இதே வேலை பார்த்தவன்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவள் சிரித்தபடி அதைத் தன் கருவியில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். மேலாளரும் திரும்பிப் பார்த்தார். தொட மறந்தது நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஆங்கிலத்தில், "படித்துப் படித்துச் சொன்னேன். வயதாகிவிட்டது, அவருக்கு எதுவும் ஞாபகம் நிற்பதில்லை" என்றேன். மேலாளர் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். முப்பத்தொரு வருடம் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவள் மனமிரங்கி, பெரியவர்தானே, இந்த முறை விட்டுவிடுகிறேன் என்றாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எழுதுங்கள் என்றார். பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்து, தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

ஏரிக்கரையில் போட்டோவுக்குக் கூப்பிட்டேன், வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும், நான் ஆங்கிலத்தில் சொன்னது அவருக்கு ஒருவேளை புரியாமல் இருந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் அம்மாவும் மாமாவும் வீடியோவில் வந்தார்கள். அப்பா தானாகவே ஆரம்பித்தார். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டேன் என்றதும் மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வேப்பங்காயே மாட்டிக்கொண்டதை ஊர் முழுக்கச் சொல்லாமல் விடமாட்டேன் என்றார். அம்மாதான் சிரிக்கவில்லை.

"கூடவே அவ இருந்தாளே, உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

நான் அடுப்படி வாசலில் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தேன்.

"படிச்சுப் படிச்சு சொன்னா. வயசாயிடுச்சுல்ல, எனக்குத்தான் எதுவும் ஞாபகம் நிக்க மாட்டேங்குது" என்றார் அப்பா.

என் பொய்யை அப்படியே தமிழில் சொன்னார். பெற்ற மகளுக்கே அபராதம் எழுதிய மனிதர். இல்லம்மா, தப்பு என்மேல்தான் என்று இரண்டு எட்டு வைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். டம்ளரைக் கழுவ உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் நடைமேடையில் அவர் அட்டையை என் கையில் கொடுக்கவில்லை.

"எங்க தொடணும்னு ஒரு தடவ காட்டும்மா" என்றார்.

காட்டினேன். அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை ஒரு நாளும் அவர் மறக்கவில்லை.