திரையில் ஒட்டிய பொட்டு

1. டிரைவர் அண்ணாச்சி காரின் தொடுதிரையில் ஒரு ஒட்டுப் பொட்டை ஒட்டியிருந்தார்.
2. நான் அதை உரித்தெடுத்தேன்.
3. அரை மணி நேரத்தில், கடம்பூர் போகும் வழியில், சாலையோரம் உளுந்து தூற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மீது எங்கள் கார் மோதியது.
4. விபத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று குறித்தேன்.
5. அண்ணாச்சியின் வேலை போனது.

இந்த ஐந்தில் இரண்டாவதை நான் அறிக்கையில் எழுதவில்லை. மறந்துபோகவும் இல்லை. அந்தப் பொட்டு இன்றும் என் குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறது. மெரூன் நிறம், மிளகைவிடச் சற்றுப் பெரியது, தடவினால் வெல்வெட் துணிபோல் இருக்கும். தடவினால் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

சென்னையில், கார்களுக்குள் இருக்கும் திரைகளை வடிவமைப்பது என் வேலை. எந்தப் படம் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்களில் நானும் ஒருத்தி. புதிய மாடலில் ஏசிக்கான திருகு குமிழ்களையும் பொத்தான்களையும் நீக்கிவிட்டு எல்லாவற்றையும் திரைக்குள் கொண்டுபோயிருந்தோம். பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகில் எனக்குப் பெருமையும் இருந்தது. வெயிலும் புழுதியும் உள்ள பகுதியில் பத்து நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றபோது, கோவில்பட்டி என் சொந்த ஊர் என்பதால் என்னையே அனுப்பினார்கள். ஓட்டுவதற்கு உள்ளூர் டிராவல்ஸ் ஒன்றிலிருந்து வந்தவர்தான் டிரைவர் அண்ணாச்சி. ஐம்பதைத் தொட்ட வயது. மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. முதல் நாள் திரையைப் பார்த்ததும், “டிவியெல்லாம் வச்சிருக்கீய. நான் டிவி பாக்கவா, ரோட்டப் பாக்கவா?” என்று கேட்டுச் சிரித்தார். பழமைவாதி என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அது தை மாதம். கரிசல் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் பிடுங்கி முடிந்த நேரம். எங்கள் பக்கத்தில் செடியைத் தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய்ந்த நெற்று உடைந்து பயறு உதிரும். பிறகு பெண்கள் சாலையோரத்தில் நின்று, காற்று வரும் திசை பார்த்துச் சுளகால், அதாவது முறத்தால், தூற்றுவார்கள். “கூலியில்லாம ஊருக்கே சூடடிச்சுக் குடுக்கது யாருன்னு நெனைக்கீய? டிரைவர்மாருதான்” என்பார் அண்ணாச்சி. செடியின்மேல் ஏறியதும் அதன் பொடி முடிபோன்ற சுணை பறக்கும். வெளிக்காற்று உள்ளே வரும் வழியை உடனே அடைக்காவிட்டால் கண்ணும் தொண்டையும் அரிக்கும். பழைய வண்டிகளில் அதற்கு ஒரு நெம்புகோல் உண்டு, கை தானாகப் போகும். எங்கள் வண்டியில் அது திரையின் கீழ்வரிசையில் ஒரு சின்னப் படம். அதன் இருபுறமும் அதே அளவில் வேறு படங்கள். அந்தச் சாலையில் பள்ளிக்குப் போய்வந்தவள் நான். அந்தச் சுணை என் கண்ணிலும் விழுந்திருக்கிறது. திரையை வரையும்போது ஒருமுறைகூட அது நினைவுக்கு வரவில்லை.

ஆறாம் நாள் காலையில் பொட்டு இருந்தது. ஏசிப் பக்கத்தை எப்போதும் திறந்தே வைத்துக்கொண்டு, அந்தச் சின்னப் படத்தின்மேல் ஒட்டியிருந்தார். கட்டைவிரலைத் திரையின் விளிம்பில் ஊன்றி ஆள்காட்டி விரலை நீட்டினால் பொட்டு தட்டுப்படும், அழுத்தினால் போதும்.

“என்ன அண்ணாச்சி, வண்டிக்குப் பொட்டு வச்சிட்டீங்களா?”

“வீட்டுல அவ பொட்டும்மா. கண்ணு ரோட்டுல இருக்கணும்லா? இப்ப வெரலு தானா போய் நிக்கி.”

உண்மைதான். அன்று காலை மூன்று இடங்களில் செடிமேல் ஏறினோம். அவர் ஒருமுறையும் திரையைப் பார்க்கவில்லை. நான் அதைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல் வந்தது. ஒரு வருட உழைப்பை ஒரு பொட்டு திருத்துகிறதே என்ற எரிச்சல். திரைமேல் எதையும் ஒட்டக்கூடாது என்று சோதனை விதி இருந்தது; அது எனக்கு வசதியாகப் போயிற்று. டீக்கடையில் வண்டி நின்றபோது, சோதனைக்காக வண்டிக்குள் பொருத்தியிருந்த கேமரா அணைந்திருந்த நேரத்தில், நகத்தால் உரித்து எடுத்தேன். டீ குடித்துவிட்டு வந்தவர் வெறும் திரையைப் பார்த்தார். “சரி, ஒங்க வண்டி” என்றார்.

அடுத்த செடிப் பரப்பில் ஏறியதும் சுணை உள்ளே வந்தது. அவர் விரல் நீண்டது, எதுவும் தட்டுப்படவில்லை. குனிந்து பார்த்தார். விரல் பக்கத்துப் படத்தில் பட்டு விசிறி வேகமெடுத்தது, இன்னும் சுணை. “ஏட்டி, தள்ளுட்டீ!” என்று யாரோ கத்தியது கேட்டது. சாலைக்கு முதுகு காட்டித் தூற்றிக்கொண்டிருந்த பெண், வண்டி இடித்து விழுந்தார். சுளகு எங்கள் கண்ணாடியில் மோதி உருண்டது. வண்டி மெதுவாகத்தான் போனது. அதனால் அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு போயிற்று. ஓடிவந்த கூட்டத்தில் ஒருவர் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து, “கண்ண எங்கலே வச்சிருந்த?” என்று உலுக்கினார். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “தப்பு எம்மேலதான், மொதல்ல ஆசுபத்திரிக்குக் கொண்டு போவோம்” என்றார்.

விபத்து அறிக்கையில் காரணத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. வாகனக் கோளாறு, சாலையின் நிலை, வானிலை, ஓட்டுநரின் கவனக்குறைவு. அந்தப் பட்டியலைத் தயாரித்தவளும் நான்தான். திரையின் வடிவமைப்பு என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கேமராவில் அவர் திரையைக் குனிந்து பார்ப்பது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன் நான் செய்தது எதிலும் பதிவாகவில்லை. கடைசிக் கட்டத்தைக் குறித்தேன். டிராவல்ஸ்காரர் மறுவாரமே அவரை நிறுத்திவிட்டார். ஆளை இடித்தவர் என்று பேர் விழுந்த பிறகு வேறு யாரும் வண்டி தரவில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன்.

“இது என் பொட்டுல்லா? பசை விட்டு எங்கனயோ விழுந்துட்டுன்னு அவிய சொன்னாவ. நல்ல பொட்டா வாங்கியிருந்தா அவியளுக்கு இந்தக் கெதி வந்திருக்காதேன்னு நான் எத்தன நாளு அழுதிருக்கேன் தெரியுமா?”

“நான்தான் எடுத்தேன்” என்றேன். அவர் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனார். அண்ணாச்சி உள்ளிருந்து வந்தார். லாரிக்கு மூடை ஏற்றும் வேலைக்குப் போய்வந்த தோளில் சாக்குத் தூசி இருந்தது. நான் சொல்லத் தொடங்கியதைக் கையால் நிறுத்தினார்.

“எங்கிட்ட சொல்லுததெல்லாம் இருக்கட்டும். எழுதுன எடத்துல மாத்தி எழுதிட்டீயளா?”

இல்லை என்றேன்.

“அப்ப எழுதிட்டு வாங்க.”

எழுதிவிட்டேன். இரண்டாவது வரியையும் சேர்த்து, என் பெயர் போட்டு, நிறுவனத்துக்கும் டிராவல்ஸுக்கும் அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை. அந்த மாடல் விற்பனைக்கு வந்துவிட்டது, பொத்தான் இல்லாமல். அண்ணாச்சி மூடை ஏற்றுகிறார். பொட்டை அவர் மனைவி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.