முள் எழுந்து நிற்கும்வரை

சோக் பிடியை முழுக்க இழுத்துவிட்டுக் குளிர்ந்த வண்டியைக் கிளப்பும்போது, பாதி எரிந்தும் பாதி எரியாமலும் மூக்கில் ஏறுமே ஒரு பெட்ரோல் வாசனை, அதுதான் எனக்கு ஜனவரி மாதத்தின் வாசனை. தாராவி தொண்ணூறு அடி ரோட்டின் ஓரத்தில் இன்னும் விடியாத இருட்டில் அப்பாவின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி நிற்கும். பின்சீட்டின் ரெக்ஸின் தொடையில் சில்லென்று ஒட்டும். எங்கள் மூன்று பேரின் மூச்சும் கண்ணாடிகளின் உட்புறம் ஆவியாகப் படிந்து, வெளியே கிறிஸ்துமஸ் முடிந்தும் இறக்க மனமில்லாமல் வீட்டுக்கு வீடு விட்டுவைத்திருந்த காகித நட்சத்திரங்களைச் சிவப்பும் பச்சையுமாகக் கரைத்துக் காட்டும். பம்பாயில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். விடிகாலையில் வண்டி கிளப்புகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தாள், காலை டியூட்டி. என் பள்ளிக்கூடமும் அதற்குப் பக்கத்தில்தான். சவாரிக்குப் போகும் முன் எங்கள் இருவரையும் இறக்கிவிட்டுப் போவது அப்பாவின் வழக்கம். அம்மா முன்னால் உட்காருவாள், நான் பின்னால் சாய்ந்து, விட்ட தூக்கத்தைத் தொடருவேன். ஆனால் ஏறியவுடன் வண்டி நகராது. அப்பா சாவியைத் திருப்பி, இன்ஜின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டதும், காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார். ராத்திரி முழுக்க எண்ணெய் அடியில் இறங்கிக் கெட்டியாகிக் கிடக்கும், அது மேலே ஏறி எல்லா இடத்தையும் தொடுகிறவரை வண்டியைத் துன்புறுத்தக் கூடாது என்பது அவர் கட்சி. சத்தம் சீராகச் சீராகச் சோக்கை விரல் விரலாக உள்ளே தள்ளுவார். டாஷ்போர்டில் சூடு காட்டும் சின்ன வட்டத்துக்குள் ஒரு முள் படுத்துக் கிடக்கும். அது அசைந்து லேசாகத் தலை தூக்கினால்தான் கியர். "முள்ளு எந்திரிக்கட்டும்" என்பார். பக்கத்தில் எவனாவது குளிர்ந்த வண்டியை எடுத்த எடுப்பில் உறுமவிட்டால், "ரேஸ் குடுக்காதல, அதுக்கு வலிக்கும்" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே அவனைத் திட்டுவார்.

எங்கள் வீட்டில் இது பெரிய கேலி. பல் துலக்கிக்கொண்டே அந்த வழியாகப் போகும் சித்தப்பா கண்ணாடியைத் தட்டி, "என்ன மைனி, அண்ணன் வண்டிக்குக் காலை ஜெபம் முடிச்சாச்சா? ஆமென் சொல்லியாச்சா?" என்பார். அம்மாவும் விடமாட்டாள்.

"பெத்த பிள்ளய எழுப்பும்போது மட்டும் ஒரே உலுக்கு. வண்டிய எழுப்ப இம்புட்டுக் கொஞ்சல்."

"பிள்ளைக்கு வலிச்சா சத்தம் போட்டு அழுவும். இது சொல்லாமயே செத்துப்போவும்" என்பார் அப்பா.

முள் எழுந்த பிறகும் சயான் வரை மாட்டு வண்டி வேகம்தான். சயான் தாண்டி, செம்பூர் போகும் அகலமான சாலையில் ஏறியதும், அதுவரை பூனை போல நடந்தவர் ஒரே மிதி மிதிப்பார். ஒரு முனகல் இல்லாமல் வண்டி பறக்கும். கண்ணை மூடிக்கொண்டே அந்த இடத்தை நான் கண்டுபிடித்துவிடுவேன், வயிற்றுக்குள் ஏதோ எழும்பி இறங்கும். இன்றைக்கும் சில கனவுகளில் அந்த மிதி வருகிறது, வண்டி இல்லாமலே.

இந்தக் காத்திருப்பு வண்டிக்காக மட்டும் இல்லை என்பது எனக்கு எப்போது புரிந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பம்பாய்ப் பேச்சில் "கோலி" என்கிற எங்கள் வீடு ஒரே அறை. அதில் சித்தப்பா குடும்பத்தோடு சேர்த்து எட்டுப் பேர். அங்கே கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதென்றால் உப்பு, தண்ணீர், யாருக்குக் காய்ச்சல், அவ்வளவுதான். மனசில் இருப்பதைப் பேச அவர்களுக்கு இருந்த ஒரே அறை, கதவுகள் சாத்தி, கண்ணாடி ஏற்றி, சத்தத்தை மூடிக்கொள்ள ஒரு இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்த அந்த டாக்ஸிதான். முள் எழும்வரை அது அவர்களுடைய வீடு. முள் எழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது, ஓட்டும்போது அப்பா வாய் திறக்கமாட்டார். நான் தூங்குவதாக இருவரும் நம்பினார்கள். பாதி நாள் நானும் அப்படித்தான் நம்பினேன். இன்ஜினின் அதிர்வு முதுகெலும்பில் ஓட, அவர்களுடைய குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வரும், எது கேட்டது எது கனவு என்று பிரிக்க முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் கேட்டது கனவில்லை.

"பெரியக்கா போன்ல சொன்னா. பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல இடம் இருக்காம். பிள்ளய அனுப்புதியளா இல்லியான்னு ரெண்டு மாசத்துக்குள்ள சொல்லணுமாம்."

"ம்."

"ம்முன்னா என்ன அர்த்தம்? எட்டுப் பேரு படுக்க எடத்துல எங்கன உக்காந்து படிப்பா? வயசு ஏறிட்டே போவுது. விடிய முன்ன டாய்லெட்டுக்கு வரிசைல நிக்கா. இன்னும் ரெண்டு வருசத்துல பெரிய மனுசி ஆயிருவா. அப்பவும் இப்பிடியே நிப்பாளா?"

"பாப்போம்."

"நான் மட்டும் கல்லா? எனக்கு ஆசையா?"

"முள்ளு எந்திரிச்சிட்டு. போவோம்."

நான் கண்ணைத் திறக்கவில்லை. பாளையங்கோட்டை எனக்கு ஒரு ரயில் பயணத்தின் கடைசி, அவ்வளவுதான். அங்கே நான் தூங்கும்போது முன்னால் யார் பேசிக்கொண்டிருப்பார்கள்? அதற்குப் பிறகு நாள் தவறாமல் அந்தப் பேச்சு வந்தது. கொஞ்சம் நீளும், முள் எழும், நின்றுவிடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். குளிர் கூடக் கூட முள் எழ நேரம் பிடித்தது, பேச்சும் முடிவை நெருங்கிக்கொண்டே வந்தது. அப்பாவின் "பாப்போம்" ஒருநாள் "நீ சொல்லுததும் சரிதான்" என்று ஆனது.

ஒன்பது வயது மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு உடனே கிளம்பினால் முள் படுக்கவே செய்யாது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். சூட்டைக் காப்பாற்றினால் காலையில் முள் உடனே எழும், பேச நேரமே இருக்காது, ரெண்டு மாசம் தாண்டிவிடும். அன்று ராத்திரி அப்பா வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும், வாசலுக்குப் போகிறவள்போலப் போய், என் சோலாப்பூர் போர்வையை இளஞ்சூடாக இருந்த பானெட்டின்மேல் விரித்து, முனைகளைச் செருகிவிட்டு வந்தேன். அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். விடியுமுன் எல்லோருக்கும் முதலில் எழுந்து ஓடி உருவிக்கொண்டேன். பானெட் கல்லாகக் குளிர்ந்திருந்தது. ஆனாலும் அன்று முள் சீக்கிரம் எழுந்ததாகவே எனக்குத் தோன்றியது. உண்மையில் எழுந்ததா, நான் அப்படி விரும்பினேனா, இன்றும் தெரியாது.

சில நாள் இப்படிப் போயிற்று. போர்வை பனியில் நனைந்து கனத்திருக்கும். வாசல் கொடியில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல வண்டியில் ஏறிக்கொள்வேன். ஒருநாள் காலை, அப்பா சோக்கைப் பாதி தள்ளியிருந்தபோது, அம்மா வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் பேசினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பிள்ள நாலஞ்சு நாளா படுக்கையில ஒண்ணுக்குப் போயிருதா."

"யாரு? நம்ம ஜெஸியா?"

"போர்வை பூரா ஈரம். நாம பாத்திரக் கூடாதுன்னு முன்னாடியே எந்திரிச்சிக் கொடில போட்டுட்டு வந்துருதா. எங்க வார்டுல பாத்துருக்கேன், மனசுல எதும் பயம் இருந்தா பிள்ளையளுக்கு இப்பிடி ஆவும். அந்த நெரிசல்ல கிடந்தா வேற என்ன ஆவும்? எடம் மாறுனா எல்லாம் சரியாயிரும். இனியும் தள்ளிப்போட வேண்டாங்க. இன்னைக்கே அக்காவுக்குச் சொல்லிருவோம்."

சோக் இன்னொரு விரல் உள்ளே போகும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி" என்றார்.

என் காது கொதித்தது. ஹாஸ்டலா, அந்த அவமானமா, எது என்னைப் பேச வைத்தது என்று இப்போதும் யோசிக்கிறேன். அவமானம்தான் என்று நினைக்கிறேன்.

"அது பனி" என்றேன், கண்ணை மூடிக்கொண்டே.

இன்ஜின் மட்டும் ஓடியது.

"நான் ஒண்ணும் படுக்கையில போகல. அது பனி. வண்டி மேல போத்துனேன்."

அம்மா திரும்பினாள். "ஒறங்கலியாட்டி நீ?"

"வண்டி மேல எதுக்கு யம்மா போத்துன?" என்றார் அப்பா, கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"முள்ளு சீக்கிரம் எந்திரிக்கட்டும்னு. எந்திரிச்சிட்டா நீங்க ஹாஸ்டல் பத்திப் பேச மாட்டீங்கல்ல."

அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கையை ஸ்டீயரிங்கின்மேல் வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். முள் எழுந்துவிட்டிருந்தது. படுத்த இடத்திலிருந்து எழுந்து, நடுக்கோட்டையும் தாண்டி நின்றது. அதற்கு மேல் நிறுத்தி வைத்தால் பெட்ரோல் வீண் என்று மற்றவர்களைத் திட்டுகிற மனிதர், அன்று கியரைத் தொடவில்லை.

அம்மா கதவைத் திறந்து இறங்கினாள். குளிர் உள்ளே வந்தது. சுற்றி வந்து பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "தள்ளு" என்றாள், இடம் தாராளமாக இருந்தபோதும். டெட்டாலும் தேங்காயெண்ணெயும் கலந்த அவளுடைய வாசனை. என் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸா இருக்கு. இத்தன நாளும் எதப் போத்திக் கிடந்த?"

"உங்க சேலைய."

அவள் என் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு போர்வை போத்துனா ராத்திரி பூரா சூடு நிக்காது யம்மா" என்றார் அப்பா, நிமிராமலே. "காலைல உக்காந்துதான் ஏத்தணும்."

அன்று அம்மா டியூட்டிக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள். பாளையங்கோட்டைக்கு யாரும் போன் செய்யவில்லை. அதற்கப்புறம் காலையில் அம்மா பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். வண்டி சூடாகும் நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் பேசினோம், பெரும்பாலும் ஒன்றுமில்லாததை. நான் போகாமல் இருந்தது நல்லதா? அந்தக் கோலியில் எட்டுப் பேருக்கு நடுவில் படித்ததைவிட அங்கே நன்றாகப் படித்திருப்பேனோ? வரிசையில் நின்ற விடியற்காலைகளை அம்மா எனக்கு மிச்சப்படுத்தப் பார்த்தாள். அவள் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. இந்தக் கணக்கை இன்றுவரை என்னால் முடிக்க முடியவில்லை.

அந்த டாக்ஸிகள் இப்போது ஊரில் இல்லை. சோக் என்று ஒன்று இருந்ததைச் சொன்னால் என் மகள் ஈவா சிரிக்கிறாள். வண்டி நின்ற இடத்தில் ஸ்கூட்டர்கள் தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. அப்பாவும் அம்மாவும் விக்ரோலியில் இருக்கிறார்கள். கதவுகளும் தனி அறையும் உள்ள வீடு, ஆனால் இருவரும் டிவி சத்தத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். எங்கள் காரில் முள் இல்லை. இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு எரியும், சூடானதும் அணையும், அவ்வளவுதான். "இப்ப வர்ற வண்டிக்கு நின்னு சூடாக்க வேண்டாம் ஜெஸி. கிளம்பி, கொஞ்ச தூரம் மெதுவாப் போனாப் போதும்" என்று என் கணவர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். சரிதான். ஆனாலும் விளக்கு அணையட்டும் என்று நான் தினமும் அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறேன்.

எனக்கு இது ஏழாவது மாதம். அதிகம் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரசவம் முடிந்து குழந்தை கொஞ்சம் தேறும்வரை ஈவாவைத் திருநெல்வேலியில் மாமியாரிடம் விட்டுவைக்கலாமா என்று ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மாமியார் தங்கமாகப் பார்த்துக்கொள்வார். சில மாதம்தானே. என் அம்மாவுக்கு முழங்கால் வலி, என்னையும் ஈவாவையும் சேர்த்துப் பார்க்க முடியாது. எல்லாம் சரியான காரணங்கள். வீட்டில் ஈவா காலைச் சுற்றிக்கொண்டே இருப்பதால், காலையில் அவளைப் பள்ளியில் விடக் கிளம்பும்போது, விளக்கு அணையும்வரை காரில் பேசுகிறோம். பின்சீட்டில் பையைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். தூங்காவிட்டாலும், அவளுக்குத் தமிழ் அவ்வளவு வராது, ஸ்கூலில் இங்கிலீஷ், விளையாட்டில் ஹிந்தி, என்னிடமும் பாதி ஹிந்தி என்ற தைரியம்.

இன்று காலை அவர், "அப்ப அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போட்டுறட்டுமா?" என்றார். நான் "ம்" என்றேன். ம்முன்னா என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. ஹிந்தி இல்லை, இங்கிலீஷ் இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சின் அதே இழுப்போடு, சுத்தமான தமிழ்.

"நீல லைட்டு போயிட்டு, ம்மா. இனி பேச வேண்டாம். போவோம்."

திரும்பிப் பார்த்தேன். கண்கள் இறுக்கி மூடியிருந்தன, இமைகள் மட்டும் துடித்தன. அவர் கை கியருக்குப் போனது. அதன்மேல் என் கையை வைத்தேன். பிறகு வயிற்றுக்குக் குறுக்கே இருந்த பெல்ட்டைக் கழற்றினேன். வண்டி டிங் டிங் என்று கத்தத் தொடங்கியது. கத்தட்டும் என்று கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, பின்பக்கம் நடந்தேன்.