குறுக்கே வந்த மாடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், இன்று பரந்தனில் மூன்று உழவு இயந்திரங்களுக்குச் சொந்தக்காரன். தூரப் பயணத்துக்கென்று வாங்கிய பெரிய மோட்டார் சைக்கிளையும் நானேதான் திருத்துவேன்.

முந்தநாள் புளியங்குளம் சந்தியில் நடை வேகத்தில் திருப்பும்போது அது மணலில் சறுக்கிச் சரிந்தது. மாடு குறுக்கே வந்ததென்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த கிழமை இருவரும் அதிலேயே திருகோணமலைக்குப் போவதாக இருந்தோம். "நான் ஏறமாட்டன்" என்றுவிட்டாள்.

நெளிவு எடுக்க எரிபொருள் தாங்கியைக் கழற்றியபோது பெற்றோல் கையில் வழிந்தது. அந்த மணத்தில் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அன்று அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு போய் வாய்க்கால் கட்டில் விழுந்தார். சேறும் பெற்றோலும் மணக்க மோட்டார் சைக்கிளை வீட்டுக்கு உருட்டிவந்து, "மாடொண்டு குறுக்கால வந்திட்டுது" என்றார். அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "என்ன நிற மாடடா?" என்று கேட்டார். சிவப்பு என்றேன். வெளியே போய் அப்பாவைக் கேட்டார். கறுப்பு என்றார். அதன் பிறகு அம்மா சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தே போனார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறுக்கிய நட்டையே திரும்பத் திரும்ப இறுக்கினேன். மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மாட்டுக்குக் காயமொண்டும் இல்லையோ?"

"மாடு வரேல்லை. மணலில சறுக்கினது. என்ர பிழைதான்."

"தெரியும். மணல் அப்பின உங்கட உடுப்பைத் தோய்ச்சது நான்தானே. இதை அண்டைக்கே சொல்லியிருந்தா, வரமாட்டன் எண்டிருப்பனோ?"